வெப்சைட் வைத்துள்ள வணிகர்களுக்கு ஒரு பாடம்: ஜேக்வெரியும் அதன் பிளக்-இன்களும்



ஜவ்வாது மலைச் சரக்கு என்றால் சாமை, தேன், புளி, கடுக்காய் என்று வெளியூர் வியாபாரிகளும் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கோ ஆலங்காயத்துக்கோ மூட்டை இறங்கும் முன்பே வாங்குபவரும் விற்பவரும் அன்றைய விலையைச் செல்போனில் பார்த்துவிட நினைக்கிறார்கள். அதற்காகவே நம்மில் பலர் பணம் செலவழித்துக் கடைக்கு ஒரு வெப்சைட் போட்டிருக்கிறோம். கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது பக்கம் பளிச்சென்று வருகிறது. மலைமேல், சிக்னல் ஒரு கோடு இருந்தும் இல்லாமலும் ஆடுகிற வளைவில் நின்று அதே பக்கத்தைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்? அங்கே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். விலை தெரியாது. பார்ப்பவர் போனை மூடிவிட்டு வேறு கடைக்குப் பேசுவார்.

இதற்குச் சிக்னலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் பக்கத்துக்குள் ஏற்றி வைத்திருக்கும் இரவல் சரக்குதான் பெரும்பாலும் காரணம். அந்தச் சரக்கில் முக்கியமானது ஜேக்வெரி என்ற நிரல் நூலகமும், அதன்மேல் ஏறும் பிளக்-இன்களும். வெப்சைட் செய்து கொடுக்கும் தம்பிகள் இச்சொற்களை அடிக்கடி சொல்வார்கள். நாமும் தலையாட்டிவிட்டுப் பில் கொடுப்போம். வாங்கும் பொருள் இன்னதென்று தெரிந்துகொண்டு வாங்குவது வணிகர் வழக்கம் என்பதால் இந்தப் பாடம்.

ஜேக்வெரி என்பது என்ன?

வெப்சைட் பக்கத்தில் எழுத்தும் படமும் அசையாமல் நிற்கும். பொத்தானை அழுத்தினால் கூட்டிக் காட்டுவது, பட்டியலைப் புரட்டுவது போன்ற வேலைகளைச் செய்வது ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி. இதை ஓட்டுவது பார்ப்பவர் கையில் உள்ள பிரவுசர். 2006ஆம் ஆண்டு வாக்கில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஒரு விதமாகவும் ஃபயர்ஃபாக்ஸ் வேறு விதமாகவும் இம்மொழியைப் புரிந்துகொண்டன. ஒரே வேலையை இரண்டு மூன்று விதமாக எழுதிவைக்க வேண்டியிருந்தது. 1956ஆம் ஆண்டு எடை அளவுச் சட்டம் வருவதற்கு முன் ஊருக்கு ஒரு படி, சந்தைக்கு ஒரு மரக்கால் என்று நம் பெரியவர்கள் பட்ட பாட்டைப் போன்றது இது.

ஜான் ரெசிக் என்ற அமெரிக்க இளைஞர் 2006 ஜனவரியில் வெளியிட்ட ஜேக்வெரி அந்தப் பாட்டைத் தீர்த்தது. ஒருமுறை எழுதினால் போதும். எந்தப் பிரவுசருக்கு எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படி அது சொல்லிக்கொள்ளும். எழுதும் அளவும் குறைந்தது. நிரலில் அதற்குச் சுருக்கப் பெயர் டாலர் குறி. (நம் தம்பிகளின் கம்ப்யூட்டரில் திரை முழுக்க டாலர் குறியாக இருப்பதைப் பார்த்து, ஏதோ அந்நியச் செலாவணிக் கணக்கு என்று நான் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு.) இதற்கு விலை கிடையாது; எம்.ஐ.டி. உரிமம் என்ற தாராளமான உரிமத்தில் கிடைப்பதால் நம் கடைப் பக்கத்திலும் பயன்படுத்தலாம். உலக வெப்சைட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை இன்றும் இதைச் சுமந்துகொண்டுதான் இருக்கின்றன.

பிளக்-இன் எப்படிச் சேர்கிறது?

ஜேக்வெரிக்குத் தெரியாத ஒரு வேலையை அதற்குக் கற்றுக்கொடுக்கும் தனிக் கோப்புதான் பிளக்-இன். தேதி எடுக்கும் காலண்டர், நகரும் படங்கள், விலைப்பட்டியலில் தேடும் வசதி என்று ஆயிரக்கணக்கில் உண்டு. எழுதுபவர்கள் உலகெங்கும் உள்ள தனி மனிதர்கள். பெரும்பாலோர் சம்பளமின்றி எழுதுபவர்கள். அவர்களுக்கு ஆர்வம் தீர்ந்தால் பிளக்-இன்னுக்குப் பராமரிப்பும் தீர்ந்தது.

வரிசை முக்கியம். முதலில் ஜேக்வெரி இறங்க வேண்டும், அதன்பின் பிளக்-இன். மாறி இறங்கினால் பிளக்-இன் ஒட்டிக்கொள்ள ஆளில்லாமல் நின்றுவிடும். ஒரே பக்கத்தில் ஜேக்வெரி இரண்டு முறை இறங்கினால் இன்னும் தொல்லை. இரண்டாவதாக வரும் வெறும் ஜேக்வெரி முதலாவதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். முதலாவதில் சேர்த்திருந்த பிளக்-இன்கள் அத்தனையும் கண்ணுக்கு மறைந்துவிடும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். 2021 மார்ச், புளி சீசன். எங்கள் கடைப் பக்கத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிக் காட்டும் சின்னக் கருவி ஒன்றைச் சேர்த்தோம். அது தன்னோடு ஒரு பழைய ஜேக்வெரியையும் கொண்டுவந்தது. அன்றிலிருந்து ஆர்டர் பொத்தான் அழுந்தியது, ஆர்டர் வரவில்லை. படங்கள் வந்தன, வந்தவர் எண்ணிக்கையும் ஏறியது. ஆகவே யாருக்கும் சந்தேகம் எழவில்லை. பதினோரு நாள் கழித்து ஒரு பழைய வாடிக்கையாளர் போன் செய்து, "என்ன அண்ணாச்சி, ஆர்டர் போட்டு ஒரு வாரம் ஆச்சு, பதிலே இல்லையே?" என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அவர் கேட்டார், கேட்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

விலைப்பட்டியல்

மொத்த வியாபாரிக்கு உண்மையிலேயே பயன்படும் பிளக்-இன் என்றால் நான் முதலில் டேட்டாடேபிள்ஸைத்தான் சொல்வேன். ஆலன் ஜார்டின் என்பவர் உருவாக்கி இன்றுவரை பராமரித்து வருவது. இதன் நல்ல குணம், ஏற்கனவே பக்கத்தில் இருக்கும் சாதாரணக் கட்டப் பட்டியலை எடுத்து, அதற்குத் தேடும் வசதியும் வரிசைப்படுத்தும் வசதியும் சேர்க்கிறது. இணைப்பு மோசமாகிப் பிளக்-இன் வந்து சேராவிட்டாலும் பட்டியல் அப்படியே நிற்கும். சாமை என்ன விலை என்பது தெரிந்துவிடும். சில பேர் இதே பிளக்-இன்னை வேறு மாதிரி அமைப்பார்கள்: பக்கத்தில் பட்டியல் எதுவும் இருக்காது, பிளக்-இன் வந்த பிறகுதான் சர்வரிலிருந்து விலையை வாங்கி நிரப்பும். பல்லாயிரம் அயிட்டம் உள்ளவர்களுக்கு அது சரி. நாற்பது ஐம்பது அயிட்டம் விற்கும் நமக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இதை அமைக்கும்போது நம் ஊர்க் கணக்கில் மூன்று இடத்தில் இடறும்.

முதலாவது, எதுவும் சொல்லாமல் விட்டால் இது ஒரு பக்கத்துக்கு 10 வரிதான் காட்டும். பதினோராவதாக இருக்கும் தேனைப் பார்க்காமலே ஆள் போய்விடுவார். சிறிய பட்டியலுக்கு முழுவதையும் காட்டும்படி மாற்றச் சொல்லுங்கள்.

இரண்டாவது, விலை. எண்ணுக்கு முன் "ரூ." என்று போட்டால் அது எண் என்பது பிளக்-இன்னுக்குப் புரியாமல் எழுத்தாகவே எண்ணி வரிசைப்படுத்தும். எழுத்துக் கணக்கில் 1 என்று தொடங்குவது 9 என்று தொடங்குவதற்கு முந்தியது. ஆகவே "குறைந்த விலை முதலில்" என்று அழுத்தினால் ரூ.1,250 மேலேயும் ரூ.95 கீழேயும் நிற்கும். ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்குத் தெரியாதபடி வெறும் எண்ணைத் தனியே எழுதிவைக்க இதில் இடமுண்டு. கண்ணுக்கு ரூபாய், வரிசைக்கு எண்.

மூன்றாவது, தமிழ் அகர வரிசை. கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துகளுக்கு யூனிகோடு என்ற முறையில் எண் கொடுத்திருக்கிறார்கள். அதில் ல, ள, ழ, வ என்று போகிறது வரிசை. நம் பள்ளிக்கூட வரிசையோ ல, வ, ழ, ள. வெறும் எண்ணை வைத்து அடுக்கினால் புளி முதலில் வரும், புழுங்கல் அரிசி பிறகு வரும். அகராதிப்படி புழுங்கல் அரிசிதான் முந்த வேண்டும். எண் வரிசையில் 'ன' எழுத்தும் 'ப'வுக்கு முன்னாலேயே வந்துவிடும். இன்றைய பிரவுசர்களுக்குள்ளேயே தமிழ் முறைப்படி ஒப்பிட்டு அடுக்கும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தும்படி பிளக்-இன்னுக்கு ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. இதைக் கேட்டால் பல பேர் "யாருங்க அதைப் பார்க்கப் போறாங்க" என்பார்கள். பட்டியலில் பொருளைத் தேடும் வயதான வியாபாரி பார்ப்பார்.

தமிழில் தட்டச்சு

நம் நாட்டில் பிறந்த பணி ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் மொழிக்குழு, மில்க்‌ஷேக் என்ற திட்டப் பெயரில் நான்கு ஜேக்வெரி பிளக்-இன்களை வெளியிட்டது. மொழியைத் தேர்ந்தெடுக்க ஒன்று, எழுத்துரு இல்லாத கருவிக்கு எழுத்துரு அனுப்ப ஒன்று, பொத்தான்களின் பெயரை மொழிபெயர்க்க ஒன்று, பக்கத்திலேயே தட்டச்சு செய்ய ஒன்று. கடைசியாகச் சொன்னதன் பெயர் ஜேக்வெரி ஐ.எம்.ஈ. மலையாள விக்கிப்பீடியாவுக்காக எழுந்த நாராயம் என்ற கருவியின் வழிவந்தது இது. நாராயம் என்றால் மலையாளத்தில் ஓலையில் எழுதும் எழுத்தாணி. கேரளத்தைச் சேர்ந்த சந்தோஷ் தோட்டிங்கல் இப்பணியில் முக்கியப் பங்கு வகித்தார். 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையும், ஆங்கில எழுத்தை அடித்தால் தமிழாக மாறும் முறையும் இதில் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுபவர்கள் இதை வைத்துத் தமிழில் அடிக்கலாம்.

கடைக்கு இது எதற்கு? பொருள் தேடும் கட்டத்திலும் ஆர்டர் குறிப்பு எழுதும் கட்டத்திலும் இதைச் சேர்த்தால், தமிழ் அடிக்க வசதியில்லாத அலுவலகக் கம்ப்யூட்டரில் இருந்தும் "கடுக்காய்" என்று அடிக்க முடியும். செல்போனிலேயே தமிழ் விசைப்பலகை வைத்திருப்பவருக்கு இது தேவையில்லை. வராவிட்டாலும் எதுவும் நிற்காது. இரவல் வாங்கினால் இப்படிப்பட்டதை வாங்க வேண்டும்.

ஆர்டர் படிவம்

ஆர்டர் படிவத்தில் தப்பான எண்ணை அப்போதே சுட்டிக்காட்ட ஜேக்வெரி வேலிடேஷன் என்ற பிளக்-இன் 2006 முதலே உள்ளது. போன் எண்ணுக்கு 10 இலக்கம், ஜி.எஸ்.டி. எண்ணுக்கு 15 இடம், அதில் தமிழ்நாட்டுக்காரருக்கு முதல் இரண்டு 33, அடுத்த பத்து பான் எண் என்று விதி போட்டுவிடலாம். இப்போது இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவற்றைப் பிரவுசரே பிளக்-இன் இல்லாமல் செய்துவிடுகிறது. எப்படிச் செய்தாலும், நம் சர்வரில் மறுபடி ஒருமுறை சரிபார்த்தே தீரவேண்டும். பார்ப்பவர் கையில் ஓடும் நிரலை அவர் நினைத்தால் நிறுத்திவிட்டு 5 கிலோ இருக்கும் இடத்தில் மைனஸ் 5 என்றும் அனுப்பலாம். வாசலில் எடை போட்டாலும் கிடங்கில் மறு எடை போடுவதில்லையா?

பில் போட்டோ, வங்கிச் சலான் போட்டோ ஏற்றும் வசதி கேட்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ப்ளூஇம்ப் என்ற பெயரில் கோப்பு ஏற்றும் ஜேக்வெரி பிளக்-இன் ஒன்று மிகப் பரவலாகப் புழங்கியது. அதன் சர்வர்ப் பகுதி, ஏறிய கோப்பு நிரலாக ஓடிவிடாமல் தடுக்க, அப்பாச்சி சர்வரின் ஓர் அமைப்பை நம்பியிருந்தது. 2010இல் வந்த அப்பாச்சி 2.3.9 பதிப்பு முதல் அந்த அமைப்பு தானாக இயங்குவது நிறுத்தப்பட்டது. பூட்டு போனது; கதவு அப்படியே இருந்தது. 2018 அக்டோபரில்தான் அகமாய் நிறுவனத்தின் லாரி கேஷ்டாலர் இதை வெளிப்படையாக அறிவித்தார். அதற்கு முன்பே திருட்டு நிரல்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. எழுதியவர் உடனே திருத்திக் கொடுத்தார். ஆனால் அதைப் பிரதி எடுத்துத் தம் நிரலில் சேர்த்துக்கொண்ட ஆயிரக்கணக்கானவற்றுக்குத் திருத்தம் தானாகப் போய்ச் சேராது. வாட்சப்பில் சலான் வாங்கிக்கொள்கிறவர்கள் இந்த வசதியே வேண்டாம் என்று விட்டுவிடலாம். நான் விட்டுவிட்டேன்.

சுமைக் கணக்கு

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மலையில் சிக்னல் மெலிந்த இடத்தில் நொடிக்கு 100 கிலோபிட் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். ஜேக்வெரி 3.7.1ஐச் சுருக்கி அனுப்பினால் சுமார் 30 கிலோபைட், அதாவது 240 கிலோபிட். இறங்க ஏறக்குறைய இரண்டரை நொடி. இது பெரிதல்ல. முகப்பில் ஐந்து படம் நகர வேண்டும் என்று நாம் கேட்கிறோமே, ஒரு படம் 400 கிலோபைட் என்றால் ஐந்துக்கும் 2,000 கிலோபைட், 16,000 கிலோபிட். இரண்டு நிமிடம் நாற்பது நொடி! நகரும் படப் பிளக்-இன்னைச் சொல்லிக் குற்றமில்லை, அது ஏற்றிவரும் லோடுதான் பாரம். கடையின் முகப்பையும் சாமி படத்தையும் முதலாளி படத்தையும் மாறி மாறிக் காட்டுவதால் ஒரு மூட்டை சாமையாவது கூடுதலாக விற்றதாக எவரும் என்னிடம் சொன்னதில்லை.

அந்த 30 கிலோபைட்டையும் சிலர் விட்டுவைக்கவில்லை. பிரிட்டிஷ் அரசின் பொது வெப்சைட்டான கவ்.யூகே 2022இல் தன் பக்கங்களிலிருந்து ஜேக்வெரியை எடுத்துவிட்டது. சுமார் 32 கிலோபைட் குறைந்தது. பலன் அதிகம் தெரிந்தது மோசமான இணைப்பில் இருந்தவர்களுக்குத்தான். பிரவுசர்கள் இப்போது ஏறக்குறைய ஒரே விதமாகப் பேசுவதாலும், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022 ஜூனில் ஓய்வு பெற்றுவிட்டதாலும், ஜேக்வெரி பிறந்த காரணத்தில் பாதி இன்று இல்லை. புதிதாக வெப்சைட் போடுபவர்கள் "இது இல்லாமல் முடியுமா?" என்று முதலிலேயே கேட்கலாம். ஏற்கனவே ஓடிக்கொண்டிருப்பதை இதற்காக இடித்துக் கட்ட வேண்டியதில்லை.

யார் கிடங்கிலிருந்து வருகிறது?

ஜேக்வெரியை நம் சர்வரில் வைக்காமல், சி.டி.என். எனப்படும் பொதுக் கிடங்கிலிருந்து நேரே இறக்கும்படியும் எழுதலாம். வசதிதான். கிடங்கு கை மாறினால்? 2024 பிப்ரவரியில் பாலிஃபில் டாட் ஐஓ என்ற பொதுக் கிடங்கின் முகவரி வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. ஜூன் மாதம் பார்த்தால், செல்போனில் வருபவர்களை வேறு பக்கங்களுக்குத் திருப்பிவிடும் நிரல் அதன் வழியே இறங்கிக்கொண்டிருந்தது. அதை நம்பியிருந்தவை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வெப்சைட்டுகள். அவற்றின் சொந்தக்காரர்கள் தம் பக்கத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

தடுக்க வழி உண்டு. கோப்பை நம் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். சிறு கடைக்கு நான் சொல்வது இதையே. பொதுக் கிடங்குதான் வேண்டுமென்றால் இன்டெக்ரிட்டி என்ற குறிப்பைச் சேர்க்கச் சொல்லுங்கள். கோப்பின் ஒவ்வோர் எழுத்தையும் கணக்கிட்டு வந்த முத்திரை அது. ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை பொருந்தாது. பிரவுசர் அந்தக் கோப்பை ஓட்டாது. தராசு முத்திரை பார்த்துப் பழகிய நமக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

பதிப்பு எண்ணையும் கேளுங்கள். 2020 ஏப்ரலில் வந்த ஜேக்வெரி 3.5.0 ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்தது. அதற்குக் கீழ்ப்பட்ட எண் உங்கள் பக்கத்தில் இருந்தால் ஏற்ற வேண்டும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றினால் பழைய பிளக்-இன்கள் படுத்துவிடும். அதே 2020 ஆகஸ்டில் வேர்ட்பிரஸ் 5.5 வந்தபோது, பழைய பிளக்-இன்களைத் தாங்கிக்கொண்டிருந்த ஜேக்வெரி மைக்ரேட் என்ற உதவிக் கோப்பை நிறுத்தினார்கள். எத்தனையோ தளங்களில் மெனு திறக்கவில்லை, படம் நகரவில்லை. தற்காலிக உதவிக்கென்று தனிப் பிளக்-இன் ஒன்று விடவேண்டியதாயிற்று. ஆகவே முதலில் ஒரு நகலில் ஏற்றி, ஆர்டர் ஒன்று போட்டுப் பார்த்து, பிறகுதான் உண்மைப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். அதையும் சீசனில் செய்யக் கூடாது.

2021க்குப் பிறகு எங்கள் கடையில் இதற்கென்று ஒரு நோட்டுப் போட்டேன். பிளக்-இன் பெயர், பதிப்பு எண், எங்கிருந்து எடுத்தது, எந்தப் பக்கத்தில் ஓடுகிறது, கடைசியாக எப்போது பார்த்தோம் என்று ஐந்து கலம். முதல் நாள் எழுதியபோது 11 வந்தது. அதில் நான்கு எதற்கென்று செய்து கொடுத்த தம்பிக்கே தெரியவில்லை. இப்போது இரண்டு: விலைப்பட்டியலுக்கு டேட்டாடேபிள்ஸ், தமிழ் அடிக்க ஐ.எம்.ஈ. ஆர்டர் பொத்தான் எந்தப் பிளக்-இன்னையும் நம்பி இல்லை. மாதம் ஒருமுறை லோடு ஏற்ற ஜமுனாமரத்தூர் போகும் எங்கள் டிரைவர், மேலே போய்ச் சேர்ந்ததும் தன் போனிலிருந்து அரை கிலோ புளிக்கு ஓர் ஆர்டர் போடுவார். அது கடைக்கு வந்து சேர்ந்த நேரத்தை அதே நோட்டில் எழுதிவைக்கிறோம்.